கட்டத்துக்குள் விழாத கால்காப்பு

போன மாதம் கோவில் மண்டபத்தில் நாம் எல்லாரும் கூடியிருந்தபோது பழைய வீட்டுத் தரைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் வீட்டில் சிவப்பு, எங்கள் வீட்டில் பச்சை, இத்தனை வருஷம் ஆகியும் குனிந்தால் முகம் தெரிகிறது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னீர்கள். என்னைப் பார்த்து ஒருத்தி, "உங்க வீட்டுல என்ன கல்லு போட்டிருந்தாக?" என்று கேட்டாள். "ஆத்தங்குடிக் கல்லுதான்" என்று சொல்லிவிட்டு, பிரசாதம் வாங்குகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு ஆண்களில் பாதிப் பேர் எப்போதும் பர்மாவில் இருப்பார்கள். என்னைப் பெற்ற அப்பச்சி ரங்கூன் கடையில் இருந்தார். வீட்டுக்கு மூத்தவர் அப்பச்சியின் அண்ணன், எனக்குப் பெரியப்பச்சி. அவர் மனைவி பெரியாத்தா. என்னைப் பெற்ற ஆத்தா. இவர்களோடு அப்பச்சியின் தம்பி மனைவி, என் சின்னாத்தா. அந்தத் தம்பி பர்மாவில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தந்தி வந்த அன்றைக்குச் சின்னாத்தா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையில் ஒட்டிய மாவு காய்ந்து உதிர்கிறவரை யாரும் அவளைக் கை கழுவச் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. எனக்கு எட்டு வயது இருக்கும்.

எங்கள் வீட்டில் படைப்பு உண்டு. எந்தக் காலத்திலோ கன்னியாக இறந்துபோன ஒரு வீட்டுப் பெண்ணைச் சாமியாக நினைத்து, வருஷத்துக்கு ஒருமுறை சேலை வைத்து, பணியாரம் வைத்துக் கும்பிடுவோம். அதற்கென்று தனியாக ஓர் அறை. சாமிவீடு என்போம். அங்கே ஓலைப் பேழைக்குள் அந்தப் பெண்ணின் வெள்ளிக் கால்காப்பு ஒன்று இருந்தது. ஒற்றைக் காப்புதான், ஜோடி எங்கே போனதோ தெரியாது. தடித்த உருட்டுக் காப்பு. தூக்கினால் என் கை கீழே இறங்கும். பேழையைத் திறந்ததும் வரும் பழைய பட்டும் கற்பூரமும் கலந்த வாசம் என் மூக்கில் இன்றைக்கும் இருக்கிறது.

பெரிய காரியம் எதுவானாலும் அந்தக் காப்பைப் போட்டுத்தான் உத்தரவு கேட்பார்கள். பிரயாணம், சம்பந்தம், பிள்ளை கூட்டிச் சுவீகாரம் எடுப்பது, எல்லாவற்றுக்கும். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தி குளித்த ஈரத்தோடு வந்து, கண்ணை மூடி, இருந்த இடத்தில் சுற்றி நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காப்பை விடவேண்டும். அது உருண்டு, ஆடி, ஓயும். ஒரே கல்லுக்குள் அடங்கிக் கிடந்தால் சாமி சம்மதம். இரண்டு கல் சேர்கிற கோட்டின் மேல் கிடந்தால் இல்லை. ஒரு காரியத்துக்கு மூன்று தரம் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் சாமியைச் சோதிப்பதாகும். இரண்டு கேள்விக்கு நடுவே, மாதாமாதம் வருகிற கார்த்திகை நட்சத்திரம் ஒன்றாவது கழியவேண்டும்.

என் அக்காள் வயதுக்கு வந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

நான் அந்த வேலைக்கு வருவதற்கு முன்பு சாமிவீட்டில் கருங்கல் பாவியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுப் பட்டியக்கல். அந்தத் தரையில் சாமி பெரும்பாலும் சம்மதம்தான் சொல்லும். 'நம்ம சாமி நம்மள மறுத்ததில்ல' என்று பெரியாத்தா பெருமையாகச் சொல்வாள். எப்போதாவது இல்லை என்று வந்துவிட்டால் அதை வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

தம்பி இறந்த வருத்தத்தில் பெரியப்பச்சி சாமிவீட்டைப் புதுப்பித்தார். ஆத்தங்குடியிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கல் வந்தது. படைப்பு வைக்கிற இடம், பூப்போட்ட கல் வேண்டாம் என்று ஒரு கல் காவி, ஒரு கல் கறுப்பாகச் சொல்லிச் செய்தது. கல் ஒன்று ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. சுண்ணாம்பு ஈரம் காய்கிறவரை எங்களை உள்ளே விடவில்லை. பிறகு உமியைப் போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கத் தரை எண்ணெய் பூசியதுபோல் ஆயிற்று. பெயர்த்தெடுத்த பட்டியக்கல்லை வீணாக்காமல் மாட்டுக்கொட்டகையில் பாவினார்கள். மிஞ்சிய புதுக்கல்லை, அரிசி பருப்பு வைக்கிற உக்கிராண அறை வாசலில் ஒட்டினார்கள். பெரியப்பச்சி கையைக் கட்டி நின்று, "என் தம்பி பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பான்" என்றார்.

அந்தத் தரையில் நான் முதல்முதலாகக் காப்பு போட்டது பெரியப்பச்சியின் பர்மாப் பிரயாணத்துக்கு. கோட்டில் கிடந்தது. அவர் கப்பலை விட்டுவிட்டார். அடுத்து என் அக்காளுக்கு வந்த நல்ல சம்பந்தம். அதற்கும் கோடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பெரியப்பச்சி அரைநாள் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பெரியாத்தா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டி, மொளகாப் பொடி கிளறுன கையோடயா வந்தே? கை நல்லாக் கழுவுனியா?"

"கழுவுனேன் பெரியாத்தா."

"என்னத்தக் கழுவுனியோ. இவ அக்கா போட்டப்ப இப்படி ஒரு நாளு இல்ல."

சின்னாத்தா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "புள்ள என்ன செய்யும் ஆச்சி? கண்ணை மூடிக்கிட்டுக் கைய விடுது. அவ்வளவுதானே" என்றாள்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதெல்லாம் அவனால்தான்.

பக்கத்துத் தெருவில் எங்கள் பங்காளி வீடு ஒன்று இருந்தது. அங்கே நிறையப் பிள்ளைகள். கடைசிப் பையனைப் பெற்றதும் தாய் கண்ணை மூடிவிட்டாள். அவர்கள் வீட்டில் தூக்கி வளர்க்க ஆளில்லை. பகலெல்லாம் அந்தக் குழந்தை சின்னாத்தாவின் இடுப்பில் வளர்ந்தான். பசும்பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தவள் அவள். முதல் சோறு ஊட்டியவள் அவள். அம்மை போட்டபோது வேப்பங்குழையோடு ராப்பகலாக உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். வெள்ளைச்சேலை கட்டியவள் நல்ல காரியம் எதிலும் முன்னால் நிற்கக்கூடாது என்று இருந்த வீட்டில், அந்தப் பையன் ஒருத்தன்தான் அவளைத் தேடி முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அவனையே பிள்ளை கூட்டிக்கொள்வது என்று பேச்சு வந்தது. இறந்துபோன தம்பிக்குப் பெயர் சொல்ல ஒரு மகன், சின்னாத்தாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை. நம் சனத்தில் பிள்ளை கூட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள்நீர் குடித்த பிறகு அந்த வீட்டுப் பிள்ளைதான். பெற்ற வீட்டில் அவன் விருந்தாளி. பையனுடைய அப்பச்சிக்குச் சம்மதம். பெரியப்பச்சிக்கு அதைவிடச் சம்மதம். ஆனால் கொத்தமங்கலத்தில் பிள்ளையில்லாத இன்னொரு பங்காளி வீட்டாரும் அவனைக் கேட்டிருந்தார்கள்.

பையனுடைய அப்பச்சி வந்து சொன்னார்: "எனக்கு ஒங்க வீட்டுல விடத்தான் ஆசைண்ணே. ஒங்க சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. ஆடி பொறக்கிறதுக்குள்ள சொல்லிருங்க. அவுகளையும் ரொம்ப நாளு காக்க வைக்க முடியாது."

தை மாதம் முதல் கேள்வி. காப்பை விட்டேன். கோடு.

சின்னாத்தா பையனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பெரியப்பச்சிதான் கலங்கிப்போனார். "சாமிக்கு நம்ம மேல என்னமோ கோவம். தம்பிய அந்நிய மண்ணுல விட்டதுக்கா, வேற எதுக்குன்னு தெரியல" என்று, மறுநாள் செருப்பில்லாமல் குன்றக்குடிக்கு நடந்தே போய் மலையேறிக் கும்பிட்டு வந்தார். திரும்பியபோது பாதம் இரண்டும் கொப்பளித்திருந்தது. பெரியாத்தா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

பங்குனி கழிந்து இரண்டாவது கேள்வி. மறுபடியும் கோடு.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. சமையல்காரர்கூடக் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தார். சாமி வாயை மூடிக்கொண்டது என்று வெளியில் பேச்சாயிற்று. என்னைக் கண்டால் தண்ணீர் எடுக்கிறவர்கள்கூட என் கையைப் பார்ப்பார்கள். நான் பாவாடைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நடப்பேன்.

சித்திரை வெயிலில் சாப்பிட்ட பிறகு எல்லாரும் படுத்துவிடுவார்கள். தூக்கம் வராதவர்கள் நானும் சின்னாத்தாவும். உக்கிராண அறை வாசலில், மிஞ்சிய கல் ஒட்டிய இடத்தில் உட்காருவோம். பையன் அவள் மடியில் தூங்குவான். அங்கே எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கைக்கு அகப்பட்டதைத் தலைக்கு மேலிருந்து விட்டு, கட்டமா கோடா என்று முன்னாலேயே சொல்லவேண்டும். புளியங்கொட்டை என்றால் கட்டம் என்பேன். அநேகமாகச் சரியாக இருக்கும். அஞ்சறைப்பெட்டி மூடி என்றால் கோடு என்பேன். அது எந்த நாளும் தப்பாது, ஏனென்றால் அது கல்லைவிடப் பெரிது.

ஒரு நாள் அப்படிக் குங்குமச்சிமிழ் மூடியை விட்டு, "கட்டம்" என்று கத்தினேன்.

"மெதுவாடி, பய முழிச்சிருவான்" என்ற சின்னாத்தா, சற்று நேரம் தரையையே பார்த்தாள். "நீ எப்படிடி விடுறதுக்கு முன்னாடியே சொல்ற?"

"சின்னச் சாமான்னா கட்டம், பெரிய சாமான்னா கோடு. இது தெரியாதா?"

"பெரிய சாமான்னா கோடு" என்று அவள் எனக்குப் பின்னால் சொன்னாள். சிரித்துக்கொண்டு ஆரம்பித்த முகம் பாதியில் நின்றுபோனது.

பையனை என் மடிக்கு மாற்றிவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாணத்துக்குப் போட்டு, பிறகு கழற்றி வைத்த அவளுடைய சொந்தக் கால்காப்பை எடுத்து வந்தாள். சாமியின் காப்பு அளவுதான். அதை விட்டாள். கோடு. மறுபடி விட்டாள். கோடு. மறுபடி. ஒரு தரம் கட்டம் வந்தது. பிறகு மறுபடியும் கோடு. பையன் விழித்து அந்தச் சத்தத்துக்குச் சிரிக்க ஆரம்பித்தான். அவள் நிறுத்தவில்லை.

பிறகு கோலமாவு எடுத்து வரச் சொன்னாள். ஒரு கறுப்புக் கல்லைத் தேர்ந்துகொண்டு, காப்பை அதன் ஒரு மூலையில் இரண்டு ஓரமும் தொடும்படி ஒட்டி வைத்து, வளையத்துக்கு நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அப்படியே மற்ற மூலைகளிலும். புள்ளிகளை இழுத்துச் சேர்த்தாள். பெரிய சதுரத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் வந்தது.

"பாருடி. காப்போட நடு இந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள விழுந்தாத்தான் காப்பு கோட்டைத் தொடாது. கொஞ்சம் வெளிய விழுந்தாலும் ஏதோ ஒரு பக்கம் ஏறிரும். இந்தச் சின்னக் கட்டம் மாதிரி இந்தக் கல்லுல எத்தனை அடங்கும், சொல்லு."

நான் விரலால் அளந்து பார்த்து, "நாலு" என்றேன்.

"நாலுல ஒண்ணு. கல்லுல பாதி அகலந்தானே காப்பு, பாதிக்குப் பாதி சாமி சரிங்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." மாவு படிந்த விரலை அவள் சேலையில் துடைக்கவில்லை. "பழைய பட்டியக்கல்லுல ஓரத்துல ஒரு விரக்கடை ரெண்டு விரக்கடை போக மிச்சமெல்லாம் உள்ளதான். அங்க எதக் கேட்டாலும் சாமி சரின்னுதான் சொல்லும். இங்க எதக் கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லும். சாமி மாறல. தரை மாறிருச்சு."

பெரியப்பச்சியிடம் இதைச் சொல்லவேண்டும். சொல்வது எப்படி? தம்பி மனைவி புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக்கூடாத காலம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நடுவில் ஒரு பிள்ளையை வைத்துத்தான் பேசவேண்டும். அவள் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் பிள்ளை திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாக ஆகும். அன்றைக்கு அந்தப் பிள்ளை நான். வீட்டிலேயே கூச்சம் அதிகமானவள் நான்தான்.

பெரியப்பச்சி கூடத்தில் வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சின்னாத்தா சொல்றாக... புதுக்கல்லு சிறுசாம்."

"சிறுசுதான். அதுக்கென்ன?"

"சிறுசுல போட்டா கோட்டுலதான் விழுமாம்."

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "அதெப்படி? காப்பைத் தூக்கிக் கல்லு மேல வச்சுப் பாரு. சுத்தி ரெண்டு ரெண்டு விரக்கடை எடம் கெடக்கு. அடங்க எடமே இல்லைன்னா நீ சொல்றது நாயம். எடந்தான் இருக்கே."

கதவுக்குப் பின்னால் இருந்து, "கையால வச்சா அடங்கும், தானா விழுந்தா நாலுக்கு ஒரு தரந்தான் அடங்கும்னு சொல்லு" என்று வந்தது.

நான் அதைச் சொன்னேன். என் வாயில் அது ஏதோ விளையாட்டுப் பேச்சுப் போல இருந்தது. கோலமாவு, மூலை, புள்ளி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்துச் சொல்லப்போய் நாக்குக் குழறியது. பெரியாத்தா உள்ளிருந்து வந்து, "என்னடி இது, சாமி காரியத்துல கோலமாவு, குங்குமச்சிமிழுன்னு?" என்றாள்.

பெரியப்பச்சி கோபப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாளவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "இங்க பாரும்மா. நாலுல ஒண்ணா, பத்துல ஒண்ணான்னு கணக்குப் பாக்குறது மனுசங்க நாம. சாமி கொடுக்கணும்னு நெனச்சா ஊசி மொனையிலயும் கொண்டாந்து நிறுத்தும். அதுக்குக் கல்லு பெருசு சிறுசு என்ன?"

கதவு இன்னும் ஒரு விரல் அளவு திறந்தது. பிறகு, "அப்படின்னா, பழைய கல்லுல கேட்டாலும் சாமிக்கு ஒண்ணுதானேன்னு கேளு" என்றாள்.

நான் கேட்டேன்.

பெரியப்பச்சி கீழே வைத்த வெற்றிலையை மறுபடி எடுத்துக் காம்பு கிள்ளினார். பெரியாத்தாதான் பாய்ந்தாள். "பழைய கல்லு எங்கடி கெடக்கு? மாட்டுக்கொட்டகையில, சாணிக்கு அடியில! அங்கயா சாமியக் கொண்டுபோய் நிக்க வைக்கச் சொல்றா?"

"கழுவி விடுறேன்னு சொல்லு. பாலு ஊத்திக் கழுவுறேன். ஒரு கல்லப் பேத்துக் கொண்டாந்து போட்டுக்கிட்டாப் போதும்னு சொல்லு."

ஒரு கல் போதாது, பக்கத்தில் கல்லிருந்தால்தானே கோடும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவளும் அவசரத்தில் சொல்லிவிட்டாள்.

பெரியப்பச்சி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "மாடு மூத்திரம் பேஞ்ச கல்ல மறுபடி சாமிவீட்டுக்குள்ள கொண்டாரதா? ஏற்கெனவே கோவத்துல இருக்கு. எனக்கு மட்டும் அந்தப் பய இந்த வீட்டுக்குள்ள ஓடி வெளையாடணும்னு ஆசை இல்லையா? என் தம்பிக்குப் பேரு சொல்ல வேற யாரு இருக்கா? இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்மா. நல்ல மனசோட கேப்போம்." தூணைப் பார்த்துத்தான் இதையெல்லாம் சொன்னார். குரல் கதவுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் கன்றுக்குட்டியைத் தேடி மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். சின்னாத்தா அங்கே இருந்தாள். இரண்டு மூன்று பட்டியக்கல்லைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஈரத்தில் கல் நீலமாகத் தெரிந்தது. தன் காப்பை எடுத்து விடுவாள். கல்லுக்கு நடுவில் போய்க் கிடக்கும். எடுத்து மறுபடி விடுவாள். மறுபடியும் உள்ளேதான். கருங்கல்லில் வெள்ளி விழுகிற சத்தம் புதுத்தரையில் விழுகிற சத்தம் போல இராது, கொஞ்சம் மொட்டையாக இருக்கும். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பின. அவள் எதைக் கேட்டு விட்டாளோ, அத்தனைக்கும் அன்றைக்குச் சம்மதம் கிடைத்தது. நான் அவளைக் கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

வைகாசிக் கார்த்திகை கழிந்து காலையில் கடைசிக் கேள்வி. பையனுடைய அப்பச்சியும் வந்திருந்தார். கிணற்றடியில் ஆத்தா எனக்குத் தலைக்கு ஊற்றினாள். "பயப்படாத. கையக் கெட்டியாப் பிடிக்காத, தானா விடு" என்றாள்.

சாமிவீட்டு வாசலுக்கு வெளியே சின்னாத்தா நின்றாள். இடுப்பில் பையன். அவன் அவளுடைய சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடுகிறவரை அவளையே பார்த்தேன். இப்படி விடு, அப்படி விடு என்று அவள் கண்ணாலும் காட்டவில்லை. எந்தக் கல்லின் நடுவும் எனக்கு நன்றாகத் தெரியும். குனிந்து மெல்ல விட்டிருந்தால் விழுந்திருக்குமோ என்னவோ. அதை அவள் கேட்கவுமில்லை, எனக்குத் தோன்றவுமில்லை. இருவருக்கும் அது சாமியின் காப்புதான்.

சுற்றினேன். கையைத் தூக்கினேன். விட்டேன்.

அது விளிம்பில் நின்று வெகுநேரம் சுழன்றது. மூடிய கண்ணுக்குள் அந்தச் சத்தம் பெரிதாகி, வேகமாகி, படபடவென்று அடங்கியது. யாரோ, "உள்ள! உள்ள கெடக்கு!" என்றார்கள். கண்ணைத் திறந்தேன். காவிக் கல்லின் மேல் காப்பு கிடந்தது. சுற்றிலும் காவிதான் தெரிந்தது. பையனுடைய அப்பச்சி கும்பிட்டுவிட்டார். என் ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியப்பச்சி காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்தார். அந்த வயதில், அந்த உடம்போடு, கன்னம் தரையில் படும்படி படுத்துப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. ஒரு பக்கத்தில் காப்பின் விளிம்பு கோட்டின் மேல் ஒரு நூல் அளவு ஏறியிருந்தது. பார்க்காதது போல எழுந்திருந்தால் எங்களில் ஒருவரும் குனிந்திருக்கமாட்டோம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

படுத்தபடியே, "இல்லை" என்றார். அவர் தோள் குலுங்கியது.

பையனை ஆனி மாதத்தில் ஒரு நல்ல நாளில் கொத்தமங்கலத்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டி எங்கள் வாசலில் நின்றது. சின்னாத்தா அவனுக்குத் தலை வாரி, மை இட்டு, வெள்ளைச்சேலையோடு வாசலுக்கு வரக்கூடாது என்பதால் உள்வாசலில் நின்றபடி என் ஆத்தாவின் கையில் கொடுத்தாள். "வெயிலு ஏறுமுன்ன போயிருங்க. பாலு ஆறவச்சுக் குடுக்கச் சொல்லுங்க, சூடா இருந்தாத் துப்பிருவான்" என்றாள். வண்டி திரும்புகிறவரை பையன் அழவில்லை. திரும்பிய பிறகு அழுத சத்தம் தெருமுனை வரை கேட்டது. அன்றைக்கு அவள் உக்கிராண அறையில் போய் அரிசி புடைத்தாள். வீட்டுக்கு அவ்வளவு அரிசி தேவையாக இருக்கவில்லை.

பெரியப்பச்சி அதற்குப் பிறகு சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயம். பர்மாவுக்கும் போகவில்லை. அக்காளுக்கு வேறு இடத்தில், அவ்வளவு பொருத்தமில்லாத இடத்தில், சாமியைக் கேட்காமலேயே முடித்தார். என்ன பாவம் செய்தோம் என்று கேட்டுக்கேட்டே அவர் காலம் போனது. வீட்டில் இருந்தவர்களிலேயே சாமியை அதிகம் நம்பியவர் அவர். அந்தத் தரையை அன்பினால் போட்டவரும் அவர்தான். இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

சின்னாத்தாவிடம் பிறகு வேறு பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டார்கள். "வேணாம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாள்.

நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு சமயம். பெரியப்பச்சி இல்லை, பெரியாத்தா படுக்கையில். கொத்தமங்கலத்திலிருந்து கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார்கள். பங்காளி வீடு ஒன்று விடாமல் நேரில் போய்ச் சொல்லவேண்டும் அல்லவா. அன்றைக்கு வண்டியேறிப் போன அந்தப் பையன்தான் மாப்பிள்ளை, அவரும் கூட வந்திருந்தார். உயரமான பிள்ளை, மீசை அரும்பியிருந்தது, கழுத்தில் பட்டுத்துண்டு. பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தார். வெயில் நேரம், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று இருக்கச் சொன்னோம். பரிமாற ஆளில்லை. நான் இலை போட்டேன். சின்னாத்தா சோற்றுச்சட்டியோடு வந்தாள்.

அவள் தலை அப்போதே நரைத்திருந்தது. அவர் முகத்தை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தாள். சோறு வைத்தாள், பருப்பு வைத்தாள், நெய் விட்டாள். "போதும் ஆச்சி" என்று அவர் கையால் மறைத்தார். அவள் கை மேலேயே கொஞ்சம் வைத்தாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். பருப்பைப் பிசைகிற விதம் எங்களுக்கு முன்பே தெரிந்த விதமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பிள்ளை.

ரசம் ஆனதும் அவர் என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில், மரியாதையாகக் கேட்டார். "நம்ம வீடுகளுக்குள்ள ஆரு என்ன மொறைன்னு எனக்கு இன்னும் பிடிபடல. சோறு போடுறாகளே, இந்த ஆச்சி எனக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறந்தேன்.

சின்னாத்தா மோர்க்கும்பாவோடு அவர் இலைக்கு முன்னால் குனிந்திருந்தாள். "மொறையெல்லாம் பெறகு பாத்துக்கலாம்ப்பா" என்றாள். "மோர் ஊத்தவா?"

அவர் சோற்றில் குழி செய்தார். அவள் ஊற்றினாள்.